வீட்டுப் பொம்மைகளிலிருந்து ஒரு புதுக் கதை: கட்டுவது எப்படி, சொல்வது எப்படி

பொம்மைக் கதை சொல்ல உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு, நடு ராத்திரியில், பொம்மைகளுக்கு உயிர் வந்தது. அப்புறம் அவை நடக்கும், ஓடும், சண்டை போடும், ராசியாகும், விடிவதற்குள் அலமாரிக்குத் திரும்பிவிடும். இதில் பொம்மைகளை எடுத்துவிட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை வைத்தாலும் கதை மாறாது. அப்படியென்றால் அது பிள்ளைகளின் கதை, பொம்மைக்கு அங்கே வேலை இல்லை.

பொம்மையால் என்ன முடியும் என்று யோசிக்காதீர்கள். என்ன முடியாது என்று பாருங்கள். தலையாட்டி பொம்மையால் படுக்க முடியாது. மரப்பாச்சியால் கையைத் தூக்க முடியாது. சாட்டை இல்லாத பம்பரத்தால் ஒரு சுற்றுக்கூடச் சுற்ற முடியாது. கதை அங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு யோசனையை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கதையைக் கீழே படிப்படியாகக் கட்டியிருக்கிறேன். நாலு வயது முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளுக்குப் பொருந்தும். நிதானமாகச் சொன்னாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

1. பொம்மையைக் கையில் எடுங்கள்

காகிதத்தையும் பேனாவையும் பிறகு எடுக்கலாம். முதலில் வீட்டில் இருக்கிற பொம்மைகளைத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் தூக்கிப் பாருங்கள். கனமா, லேசா? எங்கே தட்டினால் சத்தம் வருகிறது? எங்கே உடைந்து ஒட்டியிருக்கிறது? எந்தப் பக்கம் சாயம் போயிருக்கிறது? குழந்தை எதைப் பிடித்துத் தூக்கும் என்பது சாயம் போன இடத்தில் எழுதியிருக்கும்.

செய்த விதம் தெரிந்தால் பாதிக் கதை கிடைத்த மாதிரி. தஞ்சாவூர்ப் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் களிமண், உருண்டையாக, கனமாக இருக்கும். மேல்பாகம் காகிதக்கூழ், லேசாக இருக்கும். கனமெல்லாம் கீழே இருப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். 2008-09இல் புவிசார் குறியீடு வாங்கிய பொம்மை இது. கதை கட்டுகிறவருக்கு அந்தக் கௌரவத்தைவிட அந்தக் களிமண் அடிதான் முக்கியம். தூங்க ஆசைப்படுகிற ராஜா ஒருவர், படுக்கவே முடியாமல் தவிக்கிறார் என்று வையுங்கள். அதுவே ஒரு கதை.

மரப்பாச்சி ஒரே மரத்துண்டில் செதுக்கியது, பெரும்பாலும் செம்மரம். மூட்டு கிடையாது, கை உடம்போடு ஒட்டியிருக்கும். ஆணும் பெண்ணுமாக ஜோடியாகத்தான் இருக்கும். ஜோடியில் ஒன்று தொலைந்துபோன வீடுகள் எத்தனையோ, அதுவும் கதைதான். ஆந்திரத்துக் கொண்டப்பள்ளிப் பொம்மை நேர்மாறு. பொனிகி என்ற லேசான மரத்தில் கை, கால், தலை என்று தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் கலந்த பசையால் ஒட்டுகிறார்கள். ஆக, அதன் இடது கைக்கும் வலது கைக்கும் வேறு வேறு ஊர் ஞாபகம் இருக்கலாம். கர்நாடகத்துச் சன்னபட்டணப் பொம்மையில் சாயம் பூசுவதே கிடையாது. கடைசலில் சுழல்கிற மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பிறக்கும்போதே தலைசுற்றலோடு பிறந்த பொம்மை என்று அதைப் பற்றி ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் கேட்கும்.

பிளாஸ்டிக் கார், பேட்டரி நாய்க்குட்டி இதெல்லாம் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகக் கூடும். ரிமோட் தொலைந்துபோன கார் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கிற கார் கதைக்கு ஆகாது, அவ்வளவுதான்.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. குறுந்தொகையின் 61ஆம் பாட்டு காதலைச் சொல்ல வந்த பாட்டு. ஆனால் தும்பிசேர்கீரனார் அதில் எடுத்தாள்வது ஒரு பொம்மையை. தச்சன் செய்து கொடுத்த சின்னக் குதிரைவண்டி. பிள்ளைகளால் அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். முடியாததைச் சொல்லி, அதன் பக்கத்திலேயே சந்தோஷத்தை வைக்கிறார். பொம்மைக் கதைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

2. இரண்டே வரி எழுதுங்கள்

ஒவ்வொரு பொம்மைக்கும் ‘முடியும்’ என்று ஒரு வரி, ‘முடியாது’ என்று ஒரு வரி. குணம், பெயர், பிறந்த ஊர் எதுவும் இப்போது வேண்டாம். நம் கதைக்கு நான்கு பேரை எடுத்துக்கொள்வோம்.

மரப்பாச்சி: வாய் செதுக்கியிருக்கிறது, அதனால் பேச முடியும். அசைய முடியாது.

தஞ்சாவூர் ராஜா: ஆட முடியும். பேச முடியாது, பெரிய மீசை வரைந்து வாயை மூடிவிட்டார்கள்.

பனை ஓலைக் கிலுகிலுப்பை: சத்தம் போட முடியும். தானாக ஆட முடியாது.

பம்பரம்: உருள முடியும். சாட்டை இல்லாமல் சுற்ற முடியாது.

நான்குக்கு மேல் போகாதீர்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் குழந்தை முதல் ஆளை மறந்துவிடும். வீட்டில் இருக்கிற எல்லாப் பொம்மையும் கதையில் வரவேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும். ‘அவங்க அடுத்த கதையில’ என்று சொல்லிவிட்டு, சொன்னபடி அடுத்த கதையில் சேருங்கள்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். ராஜாவிடம் ஆட்டம் இருக்கிறது, சத்தம் இல்லை. கிலுகிலுப்பையிடம் சத்தம் இருக்கிறது, ஆட்டம் இல்லை. ஒருவருடைய குறை இன்னொருவரின் நிறையில் போய் உட்காருகிற மாதிரி இரண்டு பேர் அமைந்துவிட்டால் கதையின் முடிவு கைக்கு வந்துவிட்டது. அமையவில்லை என்றால் ஒரு பொம்மையை மாற்றுங்கள். இந்த இடத்தில் அரை மணி நேரம் செலவழிப்பது, பிறகு மூன்று நாள் திண்டாடுவதை மிச்சப்படுத்தும்.

3. இடமும் காலமும்

‘ஒரு காலத்தில், ஒரு நாட்டில்’ என்று விட்டுவிட்டால் பொம்மைக் கதை காற்றில் நிற்கும். பொம்மைகளுக்கென்று நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு நாட்காட்டி இருக்கிறது. புரட்டாசியில் நவராத்திரி வருகிறது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் கொலுப்படி கட்டுகிறார்கள். மரப்பாச்சிக்கு அதில் நிச்சயம் இடம் உண்டு. கீழே தரையில் பிள்ளைகள் கட்டுகிற ‘பார்க்’கில் பம்பரம், கார், கிலுகிலுப்பை எல்லாம் வந்து சேரும். விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். அதற்கப்புறம் எல்லாம் பெட்டிக்குள், பெட்டி பரணுக்கு.

கொலு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பெட்டிக்குள் இருக்கிற பதினொன்றரை மாதம் யாருக்கும் தெரியாது. கதையை அங்கே வையுங்கள். இருட்டு, வேலை எதுவும் கிடையாது, வெளியே போக வழியில்லை. பொழுதுபோக ஒன்றே ஒன்றுதான் உண்டு: யாராவது கதை சொல்லவேண்டும். இன்னொன்றும் நமக்குச் சாதகம். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கிற வீடுகளில் பரண் சாமான் கீழே இறங்கும். அந்தப் பெட்டி வருஷத்தில் ஒரு தடவை நடுவில் அசையும்.

கொலு வைக்கிற பழக்கம் இல்லாத வீடு என்றால் பீரோவுக்கு மேலே இருக்கிற அட்டைப்பெட்டி போதும். வீடு மாற்றும்போது அது அசையும்.

4. மந்திரத்துக்கு ஒரு சட்டம்

தேவதைக் கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது பெரியவர்கள் கட்டிவிட்ட கதை. குழந்தைகள் இந்த விஷயத்தில் வக்கீல்கள். ‘அதான் அவனுக்குப் பேச வராதுன்னியே, இப்ப எப்படிப் பேசறான்?’ என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

நம் கதையின் சட்டம்: பெட்டியை மூடிய பிறகு பொம்மைகளுக்கு மனசு உண்டு. ஆனால் உடம்பு செய்தவர் விட்டபடிதான் இருக்கும். வாய் செதுக்கியவருக்கு மட்டும் பேச்சு. மனசு அசைந்தால் ராஜாவின் உடம்பு அசையும். இவ்வளவுதான். பம்பரத்துக்கும் பேச்சு வரும் என்று இளகிவிட்டால் கதை இரண்டாவது பத்தியிலேயே செத்துவிடும். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

5. சிக்கல் ஒரே வரியில்

நம் ஊரில் கதை சொல்வது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. கேட்கிறவர் ‘ம்’ கொட்டவேண்டும். ‘ம்’ நின்றால் கதை நிற்கும். தூங்கிட்டியா என்று பாட்டி கேட்பார். அந்தப் பழக்கத்தையே சிக்கலாக்கலாம்: கதை சொல்லப் பாட்டி இருக்கிறார், ‘ம்’ கொட்டத்தான் ஆள் இல்லை.

ஒரு குழந்தையிடம் இந்த வரியை மட்டும் சொல்லிப் பாருங்கள். ‘ஐயோ, அப்புறம்?’ என்று கேட்டால் சிக்கல் நல்ல சிக்கல். ‘சரி’ என்று போய்விட்டால் வேறு தேடுங்கள்.

சிக்கலின் அளவும் பொம்மையின் அளவாக இருக்கவேண்டும். உலகத்தைக் காப்பாற்றுவது, அரக்கனை அழிப்பது எல்லாம் வேண்டாம். பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. முற்றத்தில் காய்கிற தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். கீழே விழுந்த குழை, பிள்ளைகள் உருட்டிவருகிற மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழியை மறித்துவிடுகிறது. பொம்மைத் தேருக்கு ஒரு தோடு மலை. இந்த அளவுதான் சரி.

6. தீர்வு உள்ளே இருந்து வரட்டும்

வானத்திலிருந்து தேவதை வந்து தீர்த்தாலும், சாமி வந்து தீர்த்தாலும், வீட்டுப் பாப்பா வந்து தீர்த்தாலும் கதை தோற்றுவிட்டது. இரண்டாம் படியில் எழுதிய வரிகளிலிருந்துதான் தீர்வு வரவேண்டும். ராஜாவையும் கிலுகிலுப்பையையும் சேர்த்துக் கட்டினால் ‘ம்’ கிடைத்துவிடும். கட்டக் கயிறு வேண்டும். பெட்டியில் இருக்கிற ஒரே கயிறு பம்பரத்தின் சாட்டை. அதைக் கொடுத்துவிட்டால் பம்பரம் வெறும் மரக்கட்டை.

யாராவது ஒருவர் தனக்கு ரொம்ப முக்கியமான ஒன்றை விடவேண்டும் என்கிற நிலை வந்தால் கதை கனமாகிவிடும். அதற்காக அதை விளக்கிப் பேசாதீர்கள். ‘பாத்தியா, தியாகம்னா இதுதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னாலும் குழந்தை கொட்டாவி விடும்.

இனி நான்கு பேருக்கும் பெயர் வைக்கலாம்: கிறுகிறு என்ற பம்பரம், கலகலா என்ற கிலுகிலுப்பை, ஆமாம் ராஜா, பாச்சிப் பாட்டி. பெயர்களை இரட்டைக்கிளவியிலிருந்து எடுத்தால் சத்தமே ஆளை அடையாளம் காட்டும்.

7. இப்போது கதை

கீழே இருப்பது சொல்வதற்கான கதை, அதனால் பேச்சுத் தமிழில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ம் கொட்டின பெட்டி

ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்டுல ஒரு பரண். பரண் மேல ஒரு தகரப் பெட்டி. கொலு முடிஞ்சதும் பொம்மையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள போயிடும். அடுத்த கொலு வரைக்கும் வெளிச்சம் கிடையாது, விருந்தாளி கிடையாது, சுண்டல் கிடையாது.

பெட்டி மூலையில நாலு பேர் ஒட்டிக்கிட்டுக் கிடந்தாங்க.

முதல் ஆள் பாச்சிப் பாட்டி. மரப்பாச்சி. கை அசையாது, கால் அசையாது. ஆனா வாய் இருக்கே வாய்! ஆயிரம் கதை தெரியும்.

ரெண்டாவது ஆள் ஆமாம் ராஜா. தஞ்சாவூர்க்காரர். பெரிய மீசை, பெரிய தொப்பை. மீசை வாயை மூடிக்கிட்டதால பேச்சே வராது. மனசு அசைஞ்சா உடம்பு அசையும். இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம்.

மூணாவது ஆள் கலகலா. பனை ஓலைக் கிலுகிலுப்பை. வயித்துக்குள்ள நாலே நாலு கல்லு. யாராவது ஆட்டினா கலகலா கலகலாம்பா. ஆட்ட ஆள் இல்லேன்னா கம்முனு கிடப்பா.

நாலாவது ஆள் கிறுகிறு. பம்பரம். தலை பூரா ஆக்கர் வாங்கின தழும்பு. உடம்பைச் சுத்தி சாட்டையை இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கிடப்பான். ‘சாட்டை போச்சுன்னா நான் வெறும் கட்டை’ன்னு மனசுக்குள்ளயே சொல்லிப்பான்.

முதல் ராத்திரி, பாச்சிப் பாட்டி கதை ஆரம்பிச்சா.

‘ஒரு காட்டுல ஒரு நரி...’

நிறுத்தினா. காத்துக்கிட்டிருந்தா. யாரும் ‘ம்’ சொல்லலை.

ராஜாவுக்கு அந்த நரியை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம். ஆனா இருட்டு. யார் கண்ணுக்குத் தெரியும்?

‘ம் கொட்ட ஆள் இல்லாட்டி எனக்குக் கதை வராது’ன்னுட்டா பாட்டி.

ரெண்டாவது ராத்திரி. ‘ஒரு காட்டுல ஒரு நரி...’ ம் இல்லை. பத்தாவது ராத்திரி. ‘ஒரு காட்டுல ஒரு நரி...’ ம் இல்லை. ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு, மார்கழியும் வந்துது. நரி பாவம், காட்டுலயே நின்னுக்கிட்டிருந்துது.

ஒரு நாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தாங்க. ‘அந்தப் பெட்டியை இறக்குப்பா’ன்னு ஒரு குரல். தடதடதடன்னு பெட்டி சாஞ்சுது. உள்ள எல்லாரும் சறுக்கினாங்க. கலகலா சறுக்கிக்கிட்டே வந்து ராஜாவோட தொப்பையில மோதினா. கலக்! ஒரே ஒரு சத்தம்.

‘யாரு அது, ம் சொன்னது?’ன்னா பாட்டி.

கிறுகிறுவுக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுது. ராஜாகிட்ட ஆட்டம் இருக்கு. கலகலாகிட்ட சத்தம் இருக்கு. ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டிட்டா? கட்டணும்னா கயிறு வேணும். பெட்டியில இருக்கிற ஒரே கயிறு...

கிறுகிறு சாட்டையை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

பெட்டி இன்னொரு தடவை சாஞ்சுது. கிறுகிறு பிடியை விட்டான்.

உருண்டான். ராஜாவைச் சுத்தி ஒரு சுத்து, சாட்டை அவிழ்ந்துது. ரெண்டு சுத்து, கலகலாவோட கைப்பிடி உள்ள மாட்டிக்கிச்சு. மூணு சுத்து, சாட்டை முழுசும் போச்சு. கிறுகிறு பெட்டி ஓரத்துல போய் டொக்குனு நின்னான். வெறும் கட்டை.

அன்னிக்கு ராத்திரி பெட்டி மறுபடி பரணுக்குப் போச்சு. இருட்டு. பாட்டி வழக்கம்போல ஆரம்பிச்சா.

‘ஒரு காட்டுல ஒரு நரி...’

ராஜாவுக்கு மனசு அசைஞ்சுது. இப்படி ஒரு ஆட்டம். கலகலா!

‘யாரது?’

அப்படி ஒரு ஆட்டம். கலகலா கலகலா!

‘அடேயப்பா! ம் கொட்ட ஆள் வந்தாச்சு!’

மூணு மாசமா காட்டுல நின்னுக்கிட்டிருந்த நரி அன்னிக்குத்தான் நடக்க ஆரம்பிச்சுது.

அடுத்த புரட்டாசி. பெட்டியைத் திறந்தாங்க. ‘ராஜா மேல கிலுகிலுப்பையைக் கட்டினது யாரு?’ன்னு அம்மா கேட்டாங்க. ‘நான் இல்லை’ன்னா சின்னப் பொண்ணு. சாட்டையை அவிழ்த்தா, பம்பரத்துல சுத்தினா, விசிறிவிட்டா. கிர்ர்ர்ர்னு கிறுகிறு சுத்தினான் பாரு! ஒன்பது நாளும் சுத்தினான்.

கொலு முடிஞ்சு பொம்மையையெல்லாம் எடுத்து வைக்கும்போது, சின்னப் பொண்ணு அந்தச் சாட்டையை எடுத்து ராஜாவையும் கிலுகிலுப்பையையும் சேர்த்துக் கட்டினா.

‘ஏன்டி?’ன்னாங்க அம்மா.

‘தெரியலை’ன்னா அவ.

8. காதால் திருத்துங்கள்

எழுதிய கதையைக் கண்ணால் படித்துத் திருத்தினால் எழுத்துத் தமிழ் திரும்ப உள்ளே நுழைந்துவிடும். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். ‘மகிழ்ச்சியடைந்தார்’ என்று வந்தால் அடித்துவிட்டு, மகிழ்ந்தவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

திரும்ப வருகிற வரி கட்டாயம் வேண்டும். நம் கதையில் அப்படி இரண்டு இருக்கின்றன: ‘ஒரு காட்டுல ஒரு நரி’ ஒன்று, ‘இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம்’ இன்னொன்று. மூன்றாவது தடவை வரும்போது குழந்தை அதை நமக்கு முன்னால் சொல்லிவிடும். பெயரை மறந்துபோன ஈ, ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே’ என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டே போகிற நாட்டுப்புறக் கதை இத்தனை தலைமுறையாக நிற்பதற்குக் காரணம் ஈ இல்லை, அந்த அடுக்கு. ஆனால் திரும்ப வருகிற வரி கடைசியில் ஒரு தடவை மாறவேண்டும். நின்றுகொண்டே இருந்த நரி நடந்த மாதிரி. மாறாவிட்டால் அது வெறும் பல்லவி.

கதையை எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள், பிள்ளையே படிக்கப் போகிறது என்றால் கணக்கு வேறு. நடுவில் வருகிற விவரிப்பை எளிய எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிட்டு, உரையாடலை மட்டும் பேச்சில் விடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு ‘நின்னுக்கிட்டிருந்துது’ பெரிய பாறாங்கல்.

9. சொல்லும் ராத்திரி

பொம்மைகளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தஞ்சாவூர் ராஜா இல்லையென்றால் அடி உருண்டையான எந்தப் பிளாஸ்டிக் பொம்மையும் போதும். கிலுகிலுப்பைக்குச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் நாலு துவரம்பருப்பு. பம்பரமும் கயிறும் மட்டும் நிஜமாக இருக்கட்டும். சாட்டை அவிழ்கிற இடத்தில் குழந்தை கண் பார்க்கவேண்டியது அதைத்தான்.

எல்லாப் பொம்மையையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்காதீர்கள். பெயர் வரும்போது ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வையுங்கள். ‘ஆனா இருட்டு’ என்று சொல்கிற இடத்தில் விளக்கை அணைத்துவிட்டு ராஜாவை ஆட்டுங்கள். ஒன்றும் தெரியாது, ஒன்றும் கேட்காது. பாட்டியின் கஷ்டம் குழந்தைக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிடும். கடைசியில் அதே இருட்டில் டப்பா குலுங்கும்போது போடுகிற கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தூங்கவைக்கிற நேரம் இது என்று நினைவிருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கி ஆட்டுங்கள்.

ஒரு சங்கடம் உண்டு. ‘யாரும் ம் சொல்லலை’ என்று நீங்கள் நிறுத்தியதும் குழந்தையே ‘ம்’ என்று சொல்லிவிடும். நன்றாகக் கேட்கிற பிள்ளைகள் எல்லாரும் இதைச் செய்வார்கள். திட்டாதீர்கள், கதையை மாற்றவும் வேண்டாம். ‘நீ சொன்னது எனக்குக் கேட்டுது, பெட்டிக்குள்ள இருக்கிற பாட்டிக்குக் கேட்கலையே’ என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். அதற்கப்புறம் குழந்தை இன்னும் உரக்க ‘ம்’ சொல்லிக்கொண்டே வரும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

வயதைப் பொறுத்து வெட்டுங்கள். நாலு வயசுக்கு வெள்ளையடிப்பு வேண்டாம், பெட்டி சாய்ந்தது என்றால் போதும். ராத்திரிகளும் இரண்டு போதும். ஏழெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு ஆக்கர் என்றால் என்ன, வட்டத்துக்குள் வைத்த பம்பரத்தை மற்றவர்கள் ஆணியால் எப்படிக் குத்துவார்கள் என்று நடுவில் ஒரு நிமிடம் சொல்லலாம். முடிந்தால் மறுநாள் வாசலில் விளையாடியே காட்டுங்கள். மூன்று வயசுக்குக் கீழே தம்பி தங்கை இருக்கிற வீட்டில் டப்பா மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். கதை முடிந்ததும் கயிறும் பருப்பும் உங்கள் கைக்கு வந்துவிடவேண்டும். ராஜாவைக் கட்டின மாதிரி தன் கழுத்தில் கட்டிப் பார்க்க ஒரு வாண்டு எப்போதும் இருக்கும்.

முதல் தடவை சொல்லும்போது போனில் பதிவு செய்யாதீர்கள். போன் எதிரில் இருந்தால் குழந்தை கதையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

10. அடுத்த நாள் வருகிற கேள்விகள்

அந்த நரி எங்கே போச்சு? கலகலாவுக்குக் கழுத்து வலிக்காதா? மரப்பாச்சிக்கு ஜோடி உண்டே, தாத்தா எங்கே? எதற்கும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ‘நீ சொல்லு, நான் ம் கொட்டறேன்’ என்று உட்காருங்கள். பிள்ளை சொல்கிற கதையில் தாத்தா ஒரு வேளை ராக்கெட்டில் போவார், போகட்டும். நான்காம் படிச் சட்டம் மீறினால் மட்டும் ஒரு கேள்வி போடலாம்: ‘கை அசையாதே, ராக்கெட் கதவை எப்படித் திறந்தார்?’ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர்கள் சொல்கிற பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது கதை பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும்.

வராவிட்டால் நுங்கு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நுங்கு தின்ற பிறகு மிஞ்சுகிற பனங்காய்க் கூந்தல் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளிப்போக ஒரு கவட்டைக் கம்பு. சித்திரையில் பிறக்கும், சில நாளில் காய்ந்து சுருங்கிவிடும். பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றவே முடியாத பொம்மை அது. அதன் ‘முடியும்’ வரியையும் ‘முடியாது’ வரியையும் எழுதிவிட்டு, அதற்கு எதிரில் உட்கார மரப்பாச்சி பொருத்தமா, பேட்டரி போன ஒரு கார் பொருத்தமா என்று பாருங்கள்.